வன்னியில் ருசியான ஸ்டவுட்: எதை வாங்குவது, எதோடு கலப்பது?

கனகராயன் (கிளிநொச்சி)

வணக்கம் உறவுகளே. என் கூட்டாளிகள் எல்லோரும் லாகர் என்ற மஞ்சள் பியரைப் பல் கூசும் அளவுக்குக் குளிர வைத்துக் குடிப்பவர்கள். எனக்கு அதில் ருசி பிடிபடுவதில்லை. ஸ்டவுட் என்கிற கறுப்பு பியரின் கருகல் வாசமும் கசப்பும்தான் பிடிக்கும். ஆனால் இங்கே வைன் ஸ்டோர்ஸில் ஸ்டவுட் என்று கேட்டால் லயன் ஸ்டவுட் ஒன்றைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அதுவும் எல்லா நாளும் இருக்காது. சில போத்தல் அருமையாக இருக்கிறது, சிலது ஈரக் கடதாசி மணக்கிறது. ஏன் அப்படி?

இரண்டாவது கேள்வி. ஸ்டவுட்டை வேறு பியரோடு கலந்து குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். முறையாகக் கலப்பது எப்படி? கனடாவில் இருக்கும் மச்சான் ஆவணியில் வருகிறான். அவனிடம் என்ன கொண்டுவரச் சொல்லலாம்?

பரந்தன் சந்தி

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். ஈரக் கடதாசி மணம் வந்தால் அந்தப் போத்தல் வெக்கையில் கிடந்திருக்கிறது. பியருக்குள் கொஞ்சமாவது ஒட்சிசன் இருக்கும். சூடு கூடக் கூட அது வேகமாக வேலை செய்யும். முதலில் ஈரக் கடதாசி மணம், பிறகு சோயா சோஸ் மாதிரி ஒரு வாடை. நம் பக்கம் பாதிக் கடைகளின் களஞ்சியம் தகரக் கூரை. பங்குனி, சித்திரையில் உள்ளே கால் வைக்க முடியாது. ஸ்ட்ரோங் பியர் வந்த வேகத்தில் விற்றுவிடும். ஸ்டவுட் மெதுவாகப் போகும். அதனால்தான் அதற்கு அடி கூட விழுகிறது.

வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பாருங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்பதை எடுக்காதீர்கள். மண்ணிறப் போத்தல் வெளிச்சத்தை ஓரளவு தடுக்கும், சூட்டைத் தடுக்காது. டின் கிடைத்தால் டின்னே எடுக்கலாம், வெளிச்சப் பிரச்சினை அடியோடு இல்லை. லொறி எந்த நாளில் வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்திருங்கள். ஸ்டவுட் குடிக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் அவரே இரண்டு போத்தலை உள்ளே எடுத்து வைப்பார். கடை பூட்டுகிற போயாவுக்கு முதல் நாள் மட்டும் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் திகதி பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

டொரண்டோ வன்னியான்

தம்பி, மச்சானிடம் சொல்லுமுன் கையில் இருப்பதன் பெறுமதியைத் தெரிந்து கொள்ளுங்கள். லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 சதவீதம். உலகமெங்கும் கறுப்பு பியர் பிரியர்கள் தேடி வாங்குகிற சாமான் அது. மைக்கேல் ஜாக்சன் என்று பியர் பற்றியே எழுதி வாழ்ந்த ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார், 2007இல் காலமானார். (பாடகர் அல்ல, பெயர் மட்டும் ஒன்று.) இலங்கைக்கு நேரில் வந்து குடித்துப் பார்த்து, அவர் புகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளிநாட்டில் இதற்குப் பெரிய பெயர் வந்தது. முன்பு நுவரெலியாவில் வடித்தார்கள். 1990களின் பிற்பகுதியில் பியகமவுக்குப் போய்விட்டது. சொக்லேட், உலர்ந்த திராட்சை, கொஞ்சம் பனங்கட்டி என்று வாயில் வரிசையாக வரும் ருசி அதில் உண்டு. அதை 4 பாகையில் குடித்தால் ஒன்றுமே தெரியாது.

ஆனால் அது இனிப்புப் பக்கம் சாய்ந்த ஸ்டவுட். மச்சான் கொண்டுவர வேண்டியது இனிப்பில்லாத உலர் வகை. டப்ளினில் வடிக்கிற கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான். கறுப்பைப் பார்த்துப் பாரமானது என்று நினைப்பார்கள், உண்மையில் இலேசானது. அதன் டின்னுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உருண்டை இருக்கும். திறந்ததும் அதிலிருந்து நைதரசன் பீறி வந்து பால் ஆடை போல நுரை கட்டும். நைதரசன் குமிழி சின்னது, நாக்கைக் குத்தாது.

கின்னஸ் ஃபொரின் எக்ஸ்ட்ரா என்று 7.5 சதவீதத்தில் இன்னொன்று உண்டு. வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பவென்று 1801இல் தொடங்கிய செய்முறையின் வழியில் வந்தது. கசப்பும் கருகலும் தூக்கலாக இருக்கும். கலப்பதற்கு என்னுடைய தெரிவு அதுதான். இம்பீரியல் ஸ்டவுட்கள் 9, 10, 12 சதவீதம் என்று போகும். ஒரு டின்னை நான்கு பேர் பகிரலாம். ஓட்ஸ் சேர்த்தது, பாற்சீனி சேர்த்தது என்றும் வகைகள் உண்டு. பாற்சீனியை பியர் ஈஸ்ட் தின்னாது, அதனால் இனிப்பு அப்படியே மிஞ்சும். லயன் குடித்துப் பழகிய உங்களுக்கு அது புதிதாக இருக்காது.

நெடுங்கேணியான்

நான் இதில் வேறு கருத்து. வடித்தவன் ஒரு கணக்கோடுதான் வடித்திருக்கிறான். அதற்குள் இன்னொன்றை ஊற்றுவது அந்த வேலையை மதிக்காத செயல். நல்ல ஸ்டவுட் கிடைத்தால் அப்படியே குடியுங்கள், கிடைக்காவிட்டால் விடுங்கள். கலவை என்று தொடங்கினால் கடைசியில் எல்லாம் ஒரே ருசியில்தான் வந்து நிற்கும்.

ஒலுமடு

ஐயா, உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனால் ஸ்டவுட் பிறந்ததே கலவையில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கறுப்பு பியர்தான் சுமை தூக்குகிற சனத்தின் குடி. அதில் வலுக் கூடியதுதான் பின்னால் ஸ்டவுட் ஆனது. மதுசாலைகள் அதைப் பெரிய மரத் தொட்டிகளில் மாதக் கணக்கில் பழுக்க வைத்தன. எவ்வளவு பெரிய தொட்டி என்றால், 1814 ஒக்ரோபர் 17 அன்று லண்டனில் ஒரு மதுசாலையின் தொட்டி வெடித்து, பியர் வெள்ளம் பக்கத்துக் குடிசைகளுக்குள் புகுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அப்படிப் பழுத்த பியர் புளிப்பேறி வரும். அதைத் தனியே விற்பதை விட, புதிதாக வடித்த இனிப்பான பியரோடு அளவாகக் கலந்து விற்பதே வழக்கமானது. பழையது ஆழத்தைக் கொடுக்கும், புதியது உயிரைக் கொடுக்கும். 1904இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுகூடத்தில் கிளௌசன் என்பவர் அந்தப் பழுத்த வாசத்துக்குக் காரணமான ஈஸ்ட்டைக் கண்டுபிடித்தார். மரத்துக்குள் குடியிருந்து மெல்ல வேலை செய்கிற இனம்.

இன்றும் கலவை விட்டுப்போகவில்லை. நைஜீரியாவில் விற்கிற கின்னஸ், உள்ளூர்ச் சோளத் தானியங்களில் வடித்த பியரோடு டப்ளினிலிருந்து வருகிற கறுப்புச் சாற்றைச் சேர்த்துச் செய்வது. அந்நாட்டுச் சனம் அதைத் தங்கள் பியர் என்றே கொண்டாடுகிறது. ஆகவே ஐயா, வடித்தவன் கணக்கிலேயே கலவை இருந்திருக்கிறது. நாம் அதைக் கிளாஸில் செய்கிறோம், அவ்வளவுதான்.

இனி கனகராயன் கேட்ட முறை.

கலக்கப் போகிற இரண்டும் ஒரே குளிரில் இருக்க வேண்டும். ஒன்று சூடாக இருந்தால் நுரை எழும்பிக் காற்றெல்லாம் போய்விடும். பிரிட்ஜிலிருந்து எடுத்து 20, 30 நிமிடம் வெளியே வையுங்கள். 10 முதல் 13 பாகை வரை ஸ்டவுட்டுக்கு நல்ல இடம். நம் வெக்கையில் அந்த இடத்துக்குச் சீக்கிரம் வந்துவிடும், அதைத் தாண்டியும் சீக்கிரம் போய்விடும், கவனம். மின்சாரம் நின்ற நாளில் போத்தலை ஈரச் சாக்கால் சுற்றிக் கச்சான் காற்று வீசுகிற நிழலில் வைத்தால் சில பாகை இறங்கும். மாரியில் அது பலிக்காது, காற்றே ஈரம்.

பிறகு சின்னக் கிளாஸ்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள். பாணி மருந்தோடு வருகிற அளவு மூடி நல்ல அளவை. ஸ்டவுட் மூன்று மூடி, லாகர் ஒரு மூடி என்று தொடங்குங்கள். அடுத்தது இரண்டுக்கு இரண்டு. அடுத்தது ஒன்றுக்கு மூன்று. கரண்டியால் கலக்க வேண்டாம். முதலாவதை ஊற்றிக் கிளாஸைச் சரித்து, இரண்டாவதை ஓரத்தால் விட்டாலே கலந்துவிடும்.

லயன் ஸ்டவுட் 8.8, லயன் லாகர் 4.8 என்று வைத்தால் சரிபாதிக் கலவை 6.8 சதவீதம். ஒன்றுக்கு மூன்று என்றால் 5.8. எனக்குப் பிடித்தது இரண்டு பங்கு ஸ்டவுட்டுக்கு ஒரு பங்கு லாகர், கிட்டத்தட்ட 7.5 வரும். சொக்லேட் ருசி அப்படியே நிற்கும், தொண்டையில் ஒட்டுகிற இனிப்புக் குறையும். பாதிக்கு மேல் லாகர் போனால் கருகல் மட்டும் மிஞ்சி ருசி மெலிந்துவிடும். ஒன்றுக்கு மூன்றை வெயில் காலத்துத் தாகத்துக்குச் சொல்லலாம், ருசிக்குச் சொல்லமாட்டேன். ஸ்ட்ரோங் பியரோடு கலக்கவே வேண்டாம். இரண்டும் 8.8, வலுக் குறையாது, சாராய நெடிதான் முன்னுக்கு வரும்.

மச்சான் கின்னஸ் டிராஃப்ட் கொண்டுவந்தால் லயன் ஸ்டவுட்டோடு சரிபாதி போடுங்கள், 6.5 சதவீதம். ஒன்றில் இல்லாததை மற்றது தருகிறது. லயனின் உடம்பு, கின்னஸின் ஆடையும் உலர்ந்த முடிவும். எனக்குத் தெரிந்த கலவைகளில் இதற்குத்தான் முதலிடம்.

அப்புறம் இஞ்சி பியர். எலிஃபண்ட் ஹவுஸ் போத்தல் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், அதில் மதுசாரம் இல்லை. ஸ்டவுட் இரண்டு, இஞ்சி பியர் ஒன்று. இஞ்சியின் காரமும் கருகலும் நன்றாகச் சேரும். இனிப்புக் கூடினால் தேசிக்காய் இரண்டு சொட்டு.

முள்ளியவளை அக்கா

தம்பி ஒலுமடு, கோப்பியை விட்டுவிட்டீர்களே. ஸ்டவுட்டின் கருகல் ருசி வறுத்த பார்லியிலிருந்து வருவது. கோப்பிக்கொட்டையையும் அப்படித்தான் வறுக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? தூளைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற விட்டு, காலையில் துணியில் வடித்து எடுங்கள். கொதிக்க வைத்தால் புளிப்பும் கைப்பும் ஏறும். அந்தத் தெளிவில் ஒரு மேசைக்கரண்டி ஒரு கிளாஸ் ஸ்டவுட்டுக்குப் போதும். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு இடித்த வீட்டுத் தூள் இதற்கு ஆகாது, வெறும் கோப்பித்தூளாக இருக்க வேண்டும்.

பனங்கட்டியைக் கரைத்து ஊற்றச் சிலர் சொல்வார்கள். உலர்ந்த கின்னஸுக்குச் சரி, லயனுக்குத் திகட்டும். அதை விட, தேத்தண்ணிக்குக் கடிப்பது போல ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கடி, ஒரு மிடறு என்று பாருங்கள். இனிப்பின் அளவு உங்கள் கையில் இருக்கும்.

சாப்பாட்டில் ஒரு விஷயம் முக்கியம். மதுசாரம் மிளகாய் எரிவைக் கூட்டும். 8.8 சதவீத ஸ்டவுட்டோடு செத்தல் மிளகாய் அள்ளிப் போட்ட கறியை வைத்தால் இரண்டின் ருசியும் தெரியாது. நந்திக்கடல் இறாலை மிளகும் உள்ளியும் போட்டு இலேசாகப் பிரட்டுங்கள். வறுத்த கச்சான், சுட்ட கருவாடு இரண்டும் நன்றாகப் போகும். ஆட்டிறைச்சியில் ஸ்டவுட் ஊற்றிச் சமைப்பதென்றால் தொடக்கத்திலேயே ஊற்றி வற்ற விடாதீர்கள், கசப்புத் திரண்டுவிடும். இறைச்சி முக்கால் பதம் வெந்த பிறகு அரைக் கிளாஸ், அதோடு பனங்கட்டி ஒரு சிறு துண்டு.

பனையடி (ஒட்டுசுட்டான்)

எல்லோரும் லாகர், கோப்பி, இஞ்சி என்று போகிறீர்கள். நம் காலடியில் கள்ளு இருக்கிறது. ஒலுமடு எழுதிய லண்டன் கதையைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான். அவர்கள் மாதக் கணக்கில் மரத் தொட்டியில் வைத்து எடுத்த புளிப்பு, நம் கள்ளில் ஒரே நாளில் வந்துவிடுகிறது. காலையில் இறக்கியது இனிக்கும், மத்தியானம் நடுத்தரம், பின்னேரம் நல்ல புளிப்பு. ஈஸ்ட்டும் அதோடு வாழ்கிற புளிக்க வைக்கும் கிருமிகளும் சேர்ந்து செய்கிற வேலை அது.

தவறணையில் மத்தியானக் கள்ளு ஒரு போத்தல் எடுத்து, நன்றாக வடித்து, ஸ்டவுட் ஐந்து பங்குக்குக் கள்ளு ஒரு பங்கு. லயனின் திராட்சை ருசி அப்படியே மேலே எழும்பி வரும். பனங்கள்ளின் வாசம் பின்னால் நிற்கும். தென்னங்கள்ளு மென்மையாக இருக்கும், பனங்கள்ளுதான் இதற்குத் தோது. பிந்திய பின்னேரக் கள்ளு வேண்டாம், வினாகிரி பக்கம் போயிருக்கும். சுண்ணாம்பு இட்டு இறக்கும் கருப்பநீரும் வேண்டாம், சுண்ணாம்பு ருசி ஸ்டவுட்டின் கருகலோடு சண்டை பிடிக்கும்.

நெடுங்கேணியான்

தம்பி பனையடி, கள்ளைப் பனையோலைப் பிளாவில் குடிக்கிறவன் நான். மரத்தடியில் இருந்து குடிக்கிற அந்த வாசத்தை ஒரு கறுப்பு பியருக்குள் ஒளித்து வைக்க எனக்கு மனம் வராது. சீவல்காரர் இரண்டு வேளை பனையேறி இறக்கி வருவது அதற்கென்றே ஒரு ருசி இருப்பதால்தான். லண்டன் கதையை ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அது தெரியாத விஷயம். பியரோடு பியர் கலப்பதில் இனி வழக்கில்லை. கள்ளு தனியேதான் இருக்க வேண்டும்.

பனையடி (ஒட்டுசுட்டான்)

ஐயா, முதல் பிளா எனக்கும் தனிக் கள்ளுதான். போத்தலில் மிஞ்சுகிறதைப் பற்றித்தான் சொன்னேன்.

ஒலுமடு

கள்ளுக் கலவை பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். கள்ளில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. ஸ்டவுட்டில் அது தின்னக் கூடிய இனிப்பு மிஞ்சியிருக்கலாம். இரண்டையும் கலந்து போத்தலில் ஊற்றி மூடியை இறுக்கி வைத்தால் உள்ளே வாயு ஏறிப் போத்தல் வெடிக்கும். கண்ணாடித் துண்டு முகத்தில் அடித்தால் கண் போய்விடும். கிளாஸில் கலந்து அப்போதே குடியுங்கள். ஒருபோதும் அடைத்து வைக்காதீர்கள்.

பனையடி சொன்ன ஐந்துக்கு ஒன்று நல்ல அளவு. மூன்றுக்கு ஒன்று என்று போனால் கள்ளின் நெடி ஸ்டவுட்டை விழுங்கிவிடும்.

வவுனியா தாதி

இழையை ஆர்வமாகப் படித்தேன். ருசி பற்றிப் பேசுகிறவர்கள் அளவையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 330 மில்லி, 8.8 சதவீத ஸ்டவுட் ஒன்றில் சுத்த மதுசாரம் சுமார் 29 மில்லி, ஏறத்தாழ 23 கிராம். 33.5 சதவீதச் சாராயத்தில் அது 87 மில்லிக்குச் சமம். பியர்தானே என்று இரண்டு பெரிய போத்தல் எடுப்பவர்கள் இதைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒலுமடு சொல்வது போலச் சின்ன அளவில் கலந்து ருசி பார்ப்பது உடம்புக்கும் நல்லது.

ஊரில் நிலைத்துவிட்ட ஒரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ஸ்டவுட் குடித்தால் இரத்தம் ஊறும் என்று இரத்தசோகை உள்ளவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இன்னும் சிலர் வாங்கிக் கொடுக்கிறார்கள். முட்டை அடித்துக் கலந்தும் கொடுக்கிறார்கள். ஸ்டவுட்டில் இரும்புச்சத்து மிக மிகக் குறைவு. கறுப்பு நிறம் வறுத்த தானியத்தின் நிறம், இரும்பின் நிறம் அல்ல. பிரித்தானியாவில் பழைய காலத்து விளம்பரங்கள் பரப்பிய எண்ணம் இது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்களும் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் குடித்தால் சீனி திடீரென்று இறங்கும். குடித்துவிட்டு ஏ9இல் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். இரவில் மாடு படுத்திருக்கிற வீதி அது.

கனகராயன் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். தாதி அக்கா, எங்கள் வீட்டிலும் அந்த முட்டைக் கதை உண்டு. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இரண்டுக்கு ஒன்று கலவை பார்த்தேன். ஒலுமடு அண்ணை சொன்னது சரி, இனிப்பு விலகிக் கோப்பி ருசி முன்னுக்கு வந்தது. ஒரு சந்தேகம். வெளிநாட்டுப் படங்களில் கீழே மஞ்சள், மேலே கறுப்பு என்று இரண்டு அடுக்காக நிற்கிறதே, நான் கரண்டியின் முதுகில் மெல்ல ஊற்றியும் ஸ்டவுட் நேரே அடிக்குப் போய்விட்டது. அதோடு, பெரிய போத்தலில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது?

டொரண்டோ வன்னியான்

அடுக்குக்குப் பதில் பாரத்தில் இருக்கிறது. கின்னஸ் டிராஃப்டில் மிஞ்சிய இனிப்புக் குறைவு, அதனால் அடர்த்தி குறைந்து மஞ்சள் பியர் மேல் மிதக்கும். லயன் ஸ்டவுட்டில் இனிப்புக் கூட, அது அடர்த்தியானது, அடிக்குத்தான் போகும். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். ஸ்டவுட்டை முதலில் ஊற்றி நுரை அடங்கிய பிறகு, லாகரைக் கரண்டி முதுகில் விடுங்கள். கீழே கறுப்பு, மேலே மஞ்சள். ஆனால் அது கண்ணுக்குத்தான். வாய்க்குக் கலந்ததே நல்லது.

ஒலுமடு

மிச்சத்துக்கு: போத்தலை நன்றாக மூடி நிமிர்த்தி பிரிட்ஜில் வையுங்கள், சரித்து வைத்தால் காற்றுப் படுகிற பரப்புக் கூடும். அடுத்த நாள் வாயு பாதி போயிருக்கும், ருசி பெரிதாகக் கெட்டிருக்காது. அதைத் தனியே குடிக்காமல், புதிதாகத் திறந்த குளிர்ந்த லாகர் இரண்டு பங்கில் ஒரு பங்காக விடுங்கள். லாகரின் வாயு இரண்டையும் தூக்கிக் கொடுக்கும். இரண்டாம் நாளுக்கு மேல் வைக்காதீர்கள், முள்ளியவளை அக்கா சொன்ன ஆட்டிறைச்சிக்குள் போகட்டும்.